மீட்டாமல் கேட்கும் காந்தாரம்

நடுவர் அவர்களே, அவைப் பெரியோர்களே, வணக்கம். “ஒலிப்பதிவுக் கூடத்தில் சுருதி திருத்தும் மென்பொருள் பாட்டுக்கு வரமா, கேடா?” என்பது தலைப்பு. கேடுதான் என்று சொல்லும் அணியிலிருந்து பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கேட்டார்: “வீணைக்குச் சுருதி சேர்த்தால் ரசிக்கிறீர்கள், குரலுக்குச் சேர்த்தால் மட்டும் குற்றமா?” நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நகரமாட்டேன்.

வீணைக்கு மேளம் கட்டுவதை, அதாவது விரல் அழுத்தும் உலோக மெட்டுகளைச் சுருதிப்படி பதிப்பதை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? 24 மெட்டும் கறுப்பு மெழுகின்மேல் பதிந்திருக்கும். கட்டுபவர் ஒரு மெட்டை வைப்பார், தந்தியை மீட்டுவார், கண்ணை மூடிக் கேட்பார், மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். ஒரு மெட்டுக்கே எத்தனை முறை! இத்தனையும் கச்சேரிக்கு முன்னால் நடக்கிற வேலை. மென்பொருள் வருவது பாடி முடித்த பிறகு. பாடியவர் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டும் எப்படி ஐயா ஒன்றாகும்?

இப்படிச் சுருதி திருத்தும் ஆட்டோடியூன் என்ற மென்பொருள் வந்தது 1997-ல். செய்தவர் ஆண்டி ஹில்டெபிரான்ட். பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அதிர்வலைகளை வைத்துக் கண்டுபிடிக்கும் துறையில் இருந்தவர். அந்தக் கணக்கைக் குரலுக்குக் கொண்டுவந்தார். பெரிய மூளை, மதிக்கிறேன். 1998-ல் அமெரிக்கப் பாடகி ஷேர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் அதையே முழு வேகத்தில் ஓடவிட்டு, குரல் படிப்படியாகத் தாவுவதுபோல் செய்தார்கள். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே கருவி வெளிப்படையாக நிற்கிறது. நான் வழக்குப் பேசுவது, மறைந்திருந்து திருத்தும் வேலையைப் பற்றி.

எந்த அளவை வைத்துத் திருத்துகிறது? நீங்களாக மாற்றாவிட்டால் கீபோர்டின் அளவுதான். ஒரு ஸ்தாயியைச் சரிசமமாக 12 கூறு போட்டு, கூறுக்கு 100 சென்ட்; சுருதியை அளக்கும் அலகு அது. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம், அதாவது ஸரிகமவில் வரும் இரண்டு ‘க’வில் மேலே நிற்பது, ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட்டில் நிற்கும். இப்போது தம்புராவுக்கு வாருங்கள். ஜீவா என்ற நூலைத் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவில் மெல்ல நகர்த்தி, மந்திர ஸட்ஜம், அதாவது கீழ் ‘ஸ’, சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதற்குள்ளிருந்து தானாக எழும். அது நிற்கும் இடம் ஏறக்குறைய 386 சென்ட். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிற பெண் குரலில், மத்திய ஸ்தாயியில், இந்த 14 சென்ட் என்பது விநாடிக்குச் சுமார் 2 அதிர்வு. தம்புராவோடு ஒட்டி உறவாடிய காந்தாரத்தை, “குறைகிறது” என்று சொல்லி மென்பொருள் மேலே தூக்கிவிடுகிறது. சேர்ந்திருந்ததைப் பிரித்ததற்குப் பெயர் திருத்தமாம்!

இது நிற்கிற ஸ்வரத்தின் கதை. ஆடுகிற ஸ்வரத்தின் கதி என்ன? ஒரு பக்திப்பாடல் தொகுப்புக்காகத் தோடி ராகத்தில் விருத்தம் பாடினேன். இரண்டாவது டேக்கிலேயே மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் கேட்கக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் திரையில் என் காந்தாரம் கோடாக ஓடியதைப் பார்த்திருக்கிறேன்: ரிஷபத்தின் பக்கம் சரிந்து, மத்யமத்தை எட்டித் தொட்டு, திரும்பச் சரிந்து, நெளிந்துகொண்டே போனது. ஒலிப்பதிவு செய்த தம்பி தங்கமான பிள்ளை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் அத்தனை நெளிவையும் நிமிர்த்தி வைத்திருந்தார். “அக்கா, ஒரே ஆட்டமா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்.” ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். எல்லா ஸ்வரமும் அதனதன் இடத்தில் இருந்தது. தோடியைத்தான் காணோம்.

அளவை மாற்றிக்கொள்ளலாமே, மெலோடைன் என்ற இன்னொரு மென்பொருளில் ஒவ்வொரு ஸ்வரமாகக் கையால் தொடலாமே என்று எதிரணி சொல்லும். தொடலாம், மறுக்கவில்லை. ஆனால் தோடி காந்தாரம் எங்கிருந்து எங்கே ஆடும் என்று தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருந்தால், “இன்னொரு தடவை பாடும்மா” என்றுதானே சொல்லியிருப்பார்? பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்குமே! கூடத்து வாடகை மணிக்கணக்கில் ஏறும் என்பது எனக்கும் தெரியும். கைக்காசு கொடுத்தவள் நான்.

என்னை அதைவிட அதிகம் வருத்துவது வேறு. என்னிடம் பாட்டுக் கற்க வரும் பிள்ளைகள் திருத்திய குரல்களையே கேட்டு வளர்ந்தவர்கள். போன மாதம் ஒரு குழந்தை தம்புராவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “மிஸ், இந்தக் காந்தாரம் கம்மியா இருக்கே?” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு வாரம் தினமும் தம்புராவின் முன்னால் உட்காரவைத்தேன். எட்டாம் நாள் அவளே கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காந்தாரத்தில் போய் நின்றாள்.

அந்தக் குழந்தைதான் முன்வரிசையில் தம்புராவோடு உட்கார்ந்திருக்கிறாள். என் கைப்பேசியில் கீபோர்டு காந்தாரம் இருக்கிறது. நடுவர் அவர்களே, நீங்கள் அனுமதித்தால் அவள் மேடைக்கு வந்து மீட்டுவாள். இரண்டு காந்தாரத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.