கல்லால் ஆன கண்கள்

வணக்கம் உறவுகளே, வெள்ளவத்தையிலிருந்து கதைக்கிறேன். இன்றைக்கு ஃபாகோபிடே குடும்பம். ட்ரைலோபைட்டுகள் தெரியும்தானே, நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்துச் சொந்தமான பழைய கடல் உயிரினங்கள்? அவற்றில் ஒரு குடும்பம்தான் இது. டெவோனியன் காலத்தில், அதாவது சுமார் 42 கோடியிலிருந்து 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, செழித்து வாழ்ந்தது.

படத்தைப் பெரிதாக்குகிறேன், பாருங்கள். நடுவுடலில் 11 துண்டங்கள். ஆபத்து வந்தால் மரவட்டை போலச் சுருண்டுகொள்ளும். சரி, அதை விடுங்கள், கண்ணுக்கு வாருங்கள்!

இந்தக் கண்ணில் இருக்கும் வில்லைகள், அதாவது லென்ஸ்கள், கல்சைற் என்ற கனிமத்தால் ஆனவை. சுண்ணக்கல்லில் இருக்கும் அதே கனிமம். ஒரு கல்சைற் துண்டை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். ஆனால் ஒரேயொரு திசையில் பார்த்தால் அப்படிப் பிரியாது. இவற்றின் வில்லைகள் அந்தத் திசைக்கு நேராகவே வளர்ந்திருக்கின்றன. மற்ற பெரும்பாலான ட்ரைலோபைட்டுகளுக்குச் சின்ன வில்லைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். இவற்றுக்கோ பெரிய வில்லைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. எனக்கு இதைவிட அழகான கண் இல்லை.

கொஞ்சம் பொறுங்கள், கோச்சி போகட்டும்... ம், சரி.

நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர், இந்தக் குடும்பத்தில் ஓர் இனத்தின் கண்களில் மேலிருந்து கீழாக ஓடும் வில்லை வரிசைகளை எண்ணினார். 18 வரிசை 17 ஆகக் குறைந்தது, மெதுவாக அல்ல, சட்டென்று. நெடுங்காலம் மாறாமல் இருந்து, பிறகு குறுகிய காலத்தில் மாறுவதுதான் பரிணாமத்தின் வழக்கம் என்று 1972இல் அவரும் ஸ்டீபன் ஜே கூல்டும் எழுதியதற்கு இது முக்கியமான ஆதாரம். அவர் எண்ணிய அந்த இனத்தின் பேரினத்துக்கு இப்போது எல்ட்ரெட்ஜியோப்ஸ் என்றே பெயர்.

அப்புறம் நடந்ததுதான் மனதை என்னவோ செய்கிறது. டெவோனியன் பிற்பகுதியில் இந்தக் குடும்பத்தின் சில கிளைகள் கண்ணையே இழந்துவிட்டன. போலந்தில் கிடைத்த ட்ரைமெரோசெபாலஸ் முழுக்கக் குருடு. ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் போனபடியே கல்லாகியிருக்கின்றன. தொட்டுத் தொட்டு வழி அறிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். டெவோனியன் முடிவில் வந்த பேரழிவோடு, சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, குடும்பமே முடிந்துபோனது.

இலங்கையில் இவற்றைத் தேட வேண்டாம். நம் தீவில் பெரும்பகுதி அதற்கு முன்பே ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. உயிர்ச்சுவடு பார்க்க ஆசையென்றால் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இருக்கிறது. அது மயோசீன் காலத்தது, வயதில் மிகவும் இளையது. அதில் சிப்பிச் சுவடு கண்டவர்கள் படத்தைக் கீழே போடுங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்ப்போம்.