சாவி எதிர்வீட்ல இருக்கு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு குடியேறி வாழ ஏற்றது கடலோரப் பழைய ஊரா, உள்நாட்டுப் புதிய நகரமா? இதுதான் தலைப்பு. நான் கடலோரக் கட்சி. என் ஊர் நாகப்பட்டினம். பொறந்த ஊர் இல்ல, போய்ச் சேர்ந்த ஊர்.

எழுதிக்கிட்டு வந்த தாள் இதோ கையில இருக்கு. மடிச்சு வச்சுடறேன். ஏன்னா எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர் ஐயா, கோயம்புத்தூர்க்காரரு, ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டாரு. "நாகப்பட்டினத்துல குடியேறினா நாலு மாசத்துல பூட்டு துருப்பிடிக்கும், நாலு வருஷத்துல ஆளே துருப்பிடிச்சுப் போவான்"னாரு. மண்டபமே கை தட்டுச்சு.

ஐயா, பூட்டைப் பத்தி யார்கிட்டப் பேசறோம்னு விசாரிச்சிருக்கணும் நீங்க. நான் பொறந்தது திண்டுக்கல்ல!

தட்டுங்க, நல்லா தட்டுங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டுய்யா எங்க ஊர்ப் பூட்டு. எங்கப்பா நாப்பது வருஷம் பூட்டுப் பட்டறையில அரம் பிடிச்ச மனுஷன். அவரு பொண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க சொன்னதுல பாதி உண்மை. பூட்டு துருப்பிடிக்கும். நாலு மாசம்கூட வேண்டாம், அடைமழைக் காலத்துல பத்து நாள் போதும். அந்தப் பத்து நாள் கதையைத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

2003 ஜூன். ஆசிரியை வேலையில எனக்கு நாகப்பட்டினத்துக்கு மாறுதல். வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. இடுப்புல மூணு வயசுப் பையன். கிளம்புற அன்னைக்கு அப்பா ஒரு மாங்காய்ப் பூட்டைக் கொண்டாந்து கையில வச்சாரு. முக்கால் கிலோ இருக்கும். உள்ள இருக்கிற லீவர் அத்தனையும் அவரே ராவினது. "தெரியாத ஊரும்மா. இதைப் போட்டுட்டுப் போனா எமனே வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்"னாரு.

தீபாவளிக்குத் திண்டுக்கல் போனேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியல. லீவு சொல்லிப் பத்து நாள் தங்கிட்டேன். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர்னு பஸ் மாறி மாறித் திரும்பி வர்றேன், ராத்திரி பதினொரு மணி. மழை ஊத்துது. வாடைக் காத்து முகத்துல அறையுது. தெருவுல கரண்ட் இல்ல. தோள்ல பையன் தூங்குறான். சாவியைப் போட்டேன், போச்சு. திருப்பினேன், திரும்பல. சேலை முந்தானையைச் சுத்திப் பிடிச்சுத் திருப்பினேன். சாவிதான் வளையப் பாத்துச்சே தவிர பூட்டு அசையல. எமனுக்குன்னு அப்பா செஞ்ச பூட்டு, அவரு பேரனை மழையில நிறுத்தி வச்சிருச்சு.

எதிர்வீட்ல ஒரு டார்ச் வெளிச்சம். "யாரு, டீச்சரா?"

மீன் விக்கிற ஆயா. தெருவே அவங்கள ஆயான்னுதான் கூப்பிடும். அந்த அஞ்சு மாசத்துல எனக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு, "சங்கரா என்ன விலை, ஆயா?" அவ்வளவுதான். குடை இல்லாம வந்தாங்க. பூட்டைக் கையால தொடல. குனிஞ்சு மூக்கை வச்சு மோந்து பாத்தாங்க! மோந்து பாத்துட்டு, "உப்பு பூத்துடுச்சு"ன்னாங்க. ஒரு டாக்டர் நாடி பிடிச்சுச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

திரும்பி ஒரு குரல் குடுத்தாங்க பாருங்க, ஏலம் விட்டுப் பழகின தொண்டை. அந்த மழையிலயும் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. முதல் கதவு திறந்துச்சு. ஒரு அக்கா தேங்காண்ணெய்க் கிண்ணியோட வந்தாங்க. ரெண்டாவது கதவு, சைக்கிள் கடை வச்சிருக்கிற பாய். "எண்ணெய்க்கெல்லாம் இது கேக்காதும்மா, மண்ணெண்ணெய்தான்"னு ஒரு சீசா கொண்டாந்தாரு. மூணாவது, ஆயாவோட மகன், விசைப்படகுல போறவரு. "கடல் துருவுக்கு மண்ணெண்ணெய் எதுக்கு? டீசல் ஊத்து. எங்க மெஷின் நட்டெல்லாம் அதுலதானே கழலுது?"ன்னாரு. பாய்க்கும் அவருக்கும் என் பூட்டை நடுவுல வச்சு ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. நாலாவது வீட்டுப் பெரியவரு குடை பிடிக்கிறாரு, எனக்கில்ல, பூட்டுக்கு! அஞ்சாவது வீட்டு அண்ணன் பேசவே இல்ல. நேரா சுத்தியலோட வந்துட்டாரு. "தள்ளுங்க டீச்சர், ஒரே போடு."

அப்பத்தான் நான் வாயைத் திறந்தேன். "வேணாம்ணே. எங்கப்பா கையால செஞ்ச பூட்டு."

அத்தனை பேரும் அமைதியாயிட்டாங்க. மழைச் சத்தம் மட்டும்தான். ஆயா அந்த அண்ணனைப் பாத்து, "அப்பன் செஞ்சதாம்ல? சுத்தியலை உள்ள கொண்டு போய் வைடா"ன்னாங்க. அதுவரைக்கும் என்னை வாங்க, போங்கன்னுதான் பேசினவங்க, என் பக்கம் திரும்பி, "புள்ளைய இப்படிக் குடு. நீ வா"ன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி அவங்க வீட்ல பழைய சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். பையனுக்கு வெந்நீர் வச்சு உடம்பைத் துடைச்சு விட்டாங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு பழந்துணியை டீசல்ல நனைச்சு, என் வீட்டுக் கதவுல தொங்குற பூட்டைச் சுத்திக் கட்டிட்டு வந்தாங்க. காய்ச்சல்ல கிடக்கிற புள்ளை நெத்தியில ஈரத்துணி போடுவோமே, அதே பக்குவம். விடிகாலை அஞ்சு மணிக்கு ஆயாவே சாவியைப் போட்டாங்க. ரெண்டு தடவை ஆட்டினாங்க. டக்.

நடுவர் அவர்களே, அந்த 'டக்' இன்னும் என் காதுல இருக்கு.

கோயம்புத்தூர் அடுக்குமாடியில விரலை வச்சா திறக்கிற பூட்டு வந்திருக்குன்னு ஐயா சொன்னாரு. நல்ல பூட்டு, நானும் பாத்திருக்கேன். ஐயாவை ஒண்ணு கேக்கறேன். மழை ராத்திரி பதினொரு மணிக்கு அது திறக்கலன்னா, அந்த மாடியில எத்தனை கதவு திறக்கும்? என் பூட்டு ஒண்ணு திறக்கல. எங்க தெருவுல அஞ்சு கதவு திறந்துச்சே ஐயா!

ஆயா அன்னைக்கு ஒரு பாடம் சொன்னாங்க. "இந்த ஊர்ல பூட்டிக்கிட்டுப் போனா பத்தாது டீச்சரு. சாவியை எதிர்வீட்ல குடுத்துட்டுப் போகணும். தெனம் ஒருக்கா தொறந்து மூடினாத்தான் பூட்டு உசுரோட இருக்கும்." அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரியாத்தான் சொல்லியிருக்கு அந்தம்மா. அசையாத லீவர்லதான் உப்பு உக்காரும்"னாரு. பூட்டு செஞ்சவரே ஒத்துக்கிட்ட தீர்ப்பு இது.

கவனிங்க, உப்புக் காத்து அடிக்கிற ஊர்ல சாவியை அடுத்த வீட்டுக்காரங்கிட்டக் குடுத்தே ஆகணும். குடுக்கணும்னா நம்பணும். இது நேத்து வந்த பழக்கம் இல்ல, எங்க ஊர் சரித்திரமே இதுதான். கடல் தாண்டி இருந்த ஸ்ரீவிஜயத்து ராஜா நாகப்பட்டினத்துல புத்த விகாரம் கட்டினாரு, சூடாமணி விகாரம். இராஜராஜ சோழன் யாரு? பெரிய கோயில் எடுத்த சைவன். அவன் என்ன செஞ்சான்? 1006 வாக்குல ஆனைமங்கலம்னு ஒரு கிராமத்தையே அந்த விகாரத்துக்கு எழுதிக் குடுத்தான். நாகூர் தர்காவுல 131 அடி உசரத்துக்கு நிக்குதே பெரிய மினாரு, அதைக் கட்டினது யாரு? தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங். வந்தவங்க கையில சாவியைக் குடுத்துப் பழகின ஊருய்யா அது. பூட்டை உடைச்சு வந்தவங்களும் உண்டு. 1658-ல டச்சுக்காரங்க, 1781-ல இங்கிலீஷ்காரங்க. அவங்க போயிட்டாங்க, ஊர் இருக்கு.

துரு, துருன்னு சொன்னீங்களே ஐயா, அந்த தானத்தைப் பொறிச்சு வச்ச ஆனைமங்கலம் செப்பேட்டுல ஒரு எழுத்து துருப்பிடிச்சுதா? டச்சு நாட்டு லெய்டனுக்குப் போயும் ராஜராஜன் பேரச் சொல்லிக்கிட்டுத்தானே இருந்துச்சு? 1856-லேருந்து 1930-கள் வரைக்கும் அந்த உப்பு மண்ணைத் தோண்டத் தோண்ட சுமார் 350 புத்தர் செப்புத் திருமேனி வெளிய வந்துச்சே, எழும்பூர் மியூசியத்துல போய்ப் பாருங்க, அந்த முகத்துல சிரிப்பு அழிஞ்சிருக்கான்னு. உப்பைக் கேலி பண்ணலாமா ஐயா? எங்க மாவட்டத்து வேதாரண்யத்துல 1930 ஏப்ரல் 30-ல ராஜாஜி குனிஞ்சு அள்ளினது எதை? அந்த உப்பைத்தானே!

ஆஸ்பத்திரி இருக்கான்னு கேட்டாங்க. 2022-ல அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. பாக்கியை என் அணித் தம்பி பேசுவாரு. என் தாள்ல இன்னும் மூணு வாதம் இருக்கு, அதையும் அவருக்கே விட்டுடறேன். எனக்கு இருக்கிற ரெண்டு நிமிஷத்துல ஆயாவைப் பத்திப் பேசியாகணும்.

2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை. அரையாண்டு லீவு, நான் திண்டுக்கல்ல இருக்கேன். சாவி ஆயாகிட்ட. டிவியில நாகப்பட்டினம்னு பேர் வருது, கீச்சாங்குப்பம்னு வருது, அக்கரைப்பேட்டைன்னு வருது. ஆயா மகளைக் குடுத்திருந்தது கீச்சாங்குப்பத்துல. போன் போகல. மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்கன்னு பின்னாடி கணக்கு சொன்னாங்க. அன்னைக்குக் கணக்கு யாருக்குத் தெரியும்?

நாலாம் நாள் போய்ச் சேர்ந்தேன். எங்க தெரு கொஞ்சம் உள்ளடங்கினது, தண்ணி வரல. என் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடக்கு. உள்ள நாப்பது பேர். யாரையும் எனக்குத் தெரியாது. என் பீரோவுல இருந்த சேலையெல்லாம் அந்தப் பொம்பளைங்க உடம்புல இருக்கு. என் அண்டாவுல கஞ்சி கொதிக்குது. வாசப்படியில ஆயா உக்காந்திருக்காங்க, மடியில ஒரு ஆறு வயசுப் பொண்ணு. மகள் வயித்துப் பேத்தி. மகள் இல்ல, மருமகன் இல்ல. அந்தப் பொண்ணு மட்டும்.

என்னைப் பாத்ததும் எந்திரிச்சாங்க. மகளைப் பறிகொடுத்தவங்க முதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "கேக்காமத் தொறந்துட்டேன் டீச்சரு. ஒங்க அரிசியப் பூராவும் பொங்கிட்டேன்."

என்னால ஒரு வார்த்தை பேச முடியல. வலையில கிடைச்ச தங்க மீனை, பசியோட இருந்தும் சிவனுக்குன்னு கடல்லயே விட்ட அதிபத்த நாயனார் எங்க ஊர் மீனவரு. ஆவணி மாசம் வருஷா வருஷம் அதை விழாவா எடுக்கிறாங்க. விழாவைப் பாக்காதவங்க அன்னைக்கு அந்த வாசப்படியைப் பாத்திருக்கலாம். முந்தானை முடிச்சை அவுத்து சாவியை என் கையில குடுத்தாங்க. சாவி வழவழன்னு இருந்துச்சு. அந்த நாலு நாள்லயும் எண்ணெய் போட்டிருக்காங்க, நடுவர் அவர்களே.

நாப்பது பேரும் போக ஒன்றரை மாசம் ஆச்சு. அந்தப் பேத்தி என் பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. என் பையனும் அவளும் ஒரே விளக்குல உக்காந்து எழுதினாங்க. 2018-ல கஜா புயல் வந்தப்ப என் ஓட்டைப் பிரிச்சு எறிஞ்சது காத்து, திரும்ப அடுக்கினது அதே அஞ்சு வீட்டு ஆளுங்க. அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. பையன் சென்னையில இருக்கான், வாங்கம்மான்னு கூப்பிடறான். திண்டுக்கல்ல அப்பா வீடு சும்மா கிடக்கு. ரெண்டு ஊருக்கும் நான் போகல.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். இந்த மேடைக்கு வர நேத்தே கிளம்பிட்டேன். அப்பா இப்ப இல்ல, அவரு பூட்டு கதவுல தொங்குது. ஆயாவும் இல்ல. சாவி எதிர்வீட்லதான் இருக்கு, அந்தப் பேத்திகிட்ட. இன்னைக்குக் காலையில கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து, ஒரு தடவை திறந்து மூடியிருப்பா.

வணக்கம்.