மாடல் விமான இஞ்சினுக்கு என்ன ஊத்தலாம்? நைட்ரோவுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை காலையில, வெளிய காத்து இவ்ளோ நல்லா அடங்கி இருக்கிறப்போ, சமூக மன்றத்துல வந்து உக்காந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ரொம்ப நாளா பறக்க விடுற அண்ணன்மார் இருக்கீங்க, பொலிடெக்னிக்ல படிக்கிற தம்பி தங்கச்சிங்க இருக்கீங்க, பிள்ளைய கூட்டிட்டு வந்த அம்மாமாரும் இருக்கீங்க, அதனால அடியில இருந்தே சொல்லிட்டு வர்றேன்.

கடைக்குப் போனதும் நம்ம ஆளுங்க கேக்குற மொத கேள்வி, "நைட்ரோ எத்தனை பர்சென்ட்?" நைட்ரோன்னா சக்தி கூட்ட எரிபொருள்ல கலக்குற நைட்ரோ மீத்தேன், ஆனா அந்தக் கேள்வி ரெண்டாவதா கேக்க வேண்டியதுங்க. மொதல்ல கேக்க வேண்டியது, "இதுல என்ன ஆயில், எவ்வளவு இருக்கு?" அப்புறம் நம்ம சிங்கப்பூர் மாதிரி வருஷம் பூரா ஈரக்காத்து வீசுற இடத்துல மூணாவதா ஒண்ணு கேக்கணும், "இந்த டின்ன எப்போ திறந்தது?" இஞ்சின் நல்லா ஓடி அஞ்சாறு வருஷம் கழிச்சும் பேரிங் சத்தம் போடாம இருக்கா, இல்ல ஒரே வருஷத்துல கரகரன்னு ஆயிடுதாங்கிறது பெரும்பாலும் இந்த மூணுலதான் இருக்கு, நைட்ரோ 5-ஆ 15-ஆங்கிறதுல இல்ல.

க்ளோ இஞ்சின் எப்படி ஓடுதுன்னு ரெண்டு வார்த்தை. கார்ல இருக்கிற மாதிரி ஸ்பார்க் கிடையாது. க்ளோ ப்ளக்குக்குள்ள பிளாட்டினம் கலந்த ஒரு சின்ன சுருள் கம்பி இருக்கும், ஆரம்பத்துல பேட்டரி வெச்சு சூடு பண்ணுவோம், இஞ்சின் பிடிச்சதும் பேட்டரிய எடுத்துடுவோம், அதுக்கப்புறமும் கம்பி சிவந்தே இருக்கும். ஏன்னா எரிபொருள்ல முக்கியமா இருக்கிற மெத்தனாலோட ஆவி பிளாட்டினத்து மேல படும்போது அங்கேயே வினை நடந்து சூடு வருது. இந்த ப்ளக்க 1947-ல அமெரிக்காவுல ரே ஆர்டன் கடைக்குக் கொண்டு வந்தாரு, அதுக்கு முன்னாடி ஸ்பார்க்குக்காக காயில், கண்டென்சர், பேட்டரின்னு எல்லாத்தையும் விமானம் சுமந்துக்கிட்டு பறக்கணும். அதனாலதான் இந்த இஞ்சினுக்கு மெத்தனால் கட்டாயம், பெட்ரோல் ஊத்துனா இந்த வினை நடக்காது.

இப்போ ஆயில் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன். டூ ஸ்ட்ரோக் இஞ்சின்ல கார் மாதிரி அடியில ஆயில் தொட்டி கிடையாது. நிமிஷத்துக்கு 12,000 சுத்து சுத்துற கிராங்குக்கும், கனெக்டிங் ராடுக்கும், பிஸ்டனுக்கும் கிடைக்கிற ஆயில் எரிபொருளோட கலந்து வர்றது மட்டும்தான், அது குறைஞ்சா வேற வழியே கிடையாது.

இதோ மேசையில ரெண்டு கண்ணாடி பாட்டில் வெச்சிருக்கேன், முன்னாடி இருக்கிற பிள்ளைங்க கிட்ட வந்து பாருங்க, தொட வேணாம். ரெண்டுலயும் மெத்தனால். இதுல விளக்கெண்ணெய், அதான் காஸ்டர் ஆயில் கலந்திருக்கேன், லேசான மஞ்சள் நிறத்துல தெளிவா ஒரே திரவமா இருக்கு பாருங்க. அதுல மோட்டார் பைக்குக்கு ஊத்துற சாதாரண 2டி ஆயில். நல்லா குலுக்குறேன், பால் மாதிரி ஆகுது, இப்போ கீழ வெச்சுட்டேன், பேசி முடிக்கிறதுக்குள்ள ஆயில் தனியா அடியில போய் உக்காந்திடும். மினரல் ஆயில் மெத்தனால்ல கரையாது. இத டேங்க்ல ஊத்துனா ஒரு நேரம் வெறும் ஆயில் போகும், ஒரு நேரம் வெறும் மெத்தனால் போகும், வெறும் மெத்தனால் போற அந்தக் கொஞ்ச நேரமே ஒரு இஞ்சின் கதைய முடிக்கப் போதும். "ஆயில்னா ஆயில்தானே"ன்னு நினைக்கிற தம்பிங்களுக்காகத்தான் இந்த பாட்டில கொண்டு வந்தேன்.

விளக்கெண்ணெய் மட்டும் ஏன் கரையுது? அதுல இருக்கிற கொழுப்பு அமிலத்துல பத்துல ஒன்பது பங்கு கிட்ட ரிசினோலிக் அமிலம். அதோட மூலக்கூறுல ஆல்கஹால்ல இருக்கிற மாதிரியே ஒரு ஹைட்ராக்சில் பகுதி இருக்கு, அதனால ஆல்கஹாலோட ஒட்டிக்குது, அதே காரணத்தால உலோகத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்குது. முதல் உலகப் போர்ல பறந்த ரோட்டரி இஞ்சின்கள், நோம், ல ரோன் எல்லாம், காஸ்டர் ஆயில்லதான் ஓடுச்சு, அங்க காரணம் தலைகீழ், பெட்ரோல் அந்த ஆயில கரைச்சுக் கழுவிட்டுப் போகாதுன்னுதான் அத ஊத்துனாங்க. ஆமணக்கு எண்ணெய் உலகத்துலயே அதிகமா வர்றது இந்தியாவுல இருந்து, முக்கியமா குஜராத்துல இருந்து. நம்ம வீட்டு அலமாரியில பாட்டி காலத்துல இருந்து இருக்கிற பொருள் ஆகாயத்துலயும் ஓடியிருக்குன்னு நினைக்கும்போது எனக்கு இன்னைக்கும் பெருமையா இருக்குங்க.

இன்னொரு குணம் இதுக்கு இருக்கு. இஞ்சின் லீனா, அதாவது காத்து அதிகமாவும் எரிபொருள் குறைவாவும் போய் ஓடி சூடு ஏறும்போது பல சிந்தெட்டிக் ஆயில் எரிஞ்சு போயிடும், விளக்கெண்ணெய் சூடு ஏற ஏற இன்னும் கெட்டியான படலமா மாறி உலோகத்து மேலயே நிக்கும். டேங்க் காலியாகுற நேரத்துல, இல்ல எரிபொருள் ட்யூப்ல ஒரு சின்ன ஓட்டை விழுந்து காத்து இழுக்குற நேரத்துல, பிஸ்டன காப்பாத்துறது இதுதான். துருவுக்கும் நல்ல தடுப்பு. ஆனா அதே குணம்தான் கெடுதலும், பிஸ்டன் மேலயும் மஃப்ளர்லயும் பழுப்பா வார்னிஷ் மாதிரி படிஞ்சிடும், ஃபோர் ஸ்ட்ரோக்ல எக்ஸாஸ்ட் வால்வு ஒட்ட ஆரம்பிக்கும். அப்படி படிஞ்சத எடுக்க ஒரு வழி, ரப்பர், பிளாஸ்டிக் பாகத்தை எல்லாம் கழட்டிட்டு, ஸ்லோ குக்கர்ல காருக்கு ஊத்துற கூலன்ட், எத்திலீன் கிளைகால் வகை, அதுல போட்டு லோ-ல ராத்திரி பூரா விட்டா மறுநாள் பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சாலே வந்துடும். அந்த குக்கர் அதுக்கு மட்டும்தான், திரும்ப கஞ்சி வைக்க எடுக்கவே கூடாது, அது விஷம், காத்தோட்டமான இடத்துலதான் வைக்கணும், அம்மாமார் இதை வீட்டுல கண்டிப்பா சொல்லி வைங்க.

சிராங்கூன் ரோடு கடையில விக்குற விளக்கெண்ணெய வாங்கி ஊத்தலாமான்னு நிறைய பேர் கேப்பீங்க. வேணாம். வயித்துக்கும் தலைக்கும் விக்கிறது வேற பக்குவம், விளக்குக்குன்னு விக்கிறதுல வேற எண்ணெயும் கலந்திருக்கலாம். இஞ்சினுக்கு வேண்டியது பிசின் நீக்குன, ஈரப்பதம் ரொம்பக் குறைஞ்ச காஸ்டர், அது எரிபொருள் விக்கிற கடையில தனியா கிடைக்கும்.

சிந்தெட்டிக் ஆயில் சுத்தமா எரியும், இஞ்சினுக்குள்ள பளபளன்னு இருக்கும், நீடில் செட்டிங்கும், அதாவது எவ்வளவு எரிபொருள் போகணும்னு ஊசி வால்வ திருகி வெக்கிறதும், சுலபம். முழு சிந்தெட்டிக் கெட்டதுன்னு நான் சொல்ல வரல, நீடில நல்லா பிடிச்சு வெக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா நம்ம ஊரு ஈரத்துக்கும், புதுசா கத்துக்கிற கைக்கும், ரெண்டும் கலந்ததுதான் சரின்னு நான் உறுதியா சொல்லுவேன். டூ ஸ்ட்ரோக்குக்கு மொத்தம் 18-ல இருந்து 20 சதவீதம் ஆயில், அதுல அஞ்சுல ஒரு பங்காவது காஸ்டர். பழைய காக்ஸ் 049 மாதிரி குட்டி இஞ்சின் வெச்சிருக்கீங்கன்னா 20-க்கும் மேலயே போங்க, அதுலயும் பாதியாவது காஸ்டரா இருக்கட்டும், அந்த ராடோட பந்து மூட்டுக்கு அது இல்லாம ஆகாது.

டின்ல போட்டிருக்கிற 20 சதவீதத்தையும் அப்படியே நம்பிடாதீங்க, அது கொள்ளளவா எடையான்னு பாருங்க. காஸ்டர் ஒரு மில்லிக்கு 0.96 கிராம், மெத்தனால் 0.79 கிராம். 100 கிராம்ல 20 கிராம் காஸ்டர்னா அது 21 மில்லி கிட்ட, மீதி 80 கிராம் மெத்தனால் 101 மில்லி, அப்போ கொள்ளளவுல கணக்குப் போட்டா ஆயில் 17 சதவீதம்தான். ரெண்டு டின்லயும் 20-ன்னே இருக்கும், உள்ள இருக்கிறது ஒண்ணு இல்ல.

நைட்ரோ மீத்தேனுக்கு வருவோம். அது தன்னோட ஆக்சிஜனையும் சேர்த்தே கொண்டு வருது. பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும், மெத்தனாலுக்கு 6.4, நைட்ரோவுக்கு 1.7 போதும், அதனாலதான் சக்தி கூடுது, ஐடில், அதாவது மெதுவா ஓடுற ஓட்டம், நிதானமா நிக்குது. ஆனா சாதாரண 46 சைஸ், அதாவது 0.46 கன அங்குல டூ ஸ்ட்ரோக்குக்கு 5-ல இருந்து 10 போதுங்க. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 10, 15. ஹெலிகாப்டர்காரங்க 30 ஊத்துறாங்கன்னு பாத்து நாம ஊத்துனா விலைதான் ஏறும், கம்ப்ரஷன் அதிகமான இஞ்சின்ல ப்ளக்கும் சீக்கிரம் போகும். உலகப் போட்டிகள்ல பல பிரிவுக்கு எஃப்ஏஐ, அதாவது உலக வான்விளையாட்டு சம்மேளனம், குடுக்குற எரிபொருள்ல நைட்ரோவே கிடையாது, 80 மெத்தனால் 20 ஆயில், அதுலதான் அந்த வேகமெல்லாம் வருது.

நைட்ரோ எரிஞ்ச பிறகு உள்ள அமிலம் மிச்சமாகும், அதோட நம்ம காத்துல இருக்கிற ஈரமும் சேர்ந்தா பேரிங்தான் மொத பலி. அதனால கடைசி ஃப்ளைட் முடிஞ்சதும் ட்யூப கழட்டிட்டு, ப்ளக்குல பேட்டரி வெச்சு, உள்ள மிச்சம் இருக்கிறது எரிஞ்சு தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, அப்புறம் ஓட்டி முடிச்சதும் துரு பிடிக்காம இருக்க விடுற ஆஃப்டர் ரன் ஆயில் அஞ்சாறு சொட்டு கார்புரேட்டர்லயும் ப்ளக் ஓட்டையிலயும் விட்டு கையால ப்ரொப்பெல்லர சுத்தி விடுங்க. வீட்டுக்குப் போய் செய்யலாம்னு தள்ளிப் போடாதீங்க, களத்துலயே முடிச்சுடுங்க.

மெத்தனால் காத்துல இருக்கிற தண்ணியையும் உறிஞ்சும். மூடிய திறந்து வெச்சுட்டு பம்ப் குழாய உள்ளேயே விட்டுட்டு சாயங்காலம் வரை பறக்க விட்டா, அடுத்த மாசம் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, ஐடில்ல நிக்காது, நீடில் இன்னைக்கு ஒரு இடம் நாளைக்கு ஒரு இடம்னு ஆடும், எல்லாரும் ப்ளக்க மாத்தி மாத்திப் பாத்துட்டு இருப்பாங்க. பெரிய கேலன் டின் மலிவுன்னு வாங்குனீங்கன்னா, அன்னைக்கே சின்ன பாட்டில்கள்ல கழுத்து வரைக்கும் ஊத்தி இறுக்கி மூடி வெயில் படாம வெச்சுடுங்க, பாதி காலியான டின்லதான் ஈரக்காத்து குடியிருக்கும். ஒவ்வொரு பாட்டில்லயும் என்னன்னு எழுதி ஒட்டுங்க, தண்ணி பாட்டில்ல ஊத்தவே ஊத்தாதீங்க.

இத சும்மா சொல்லல. 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல உயிர் போச்சே, அதுல கலந்திருந்தது இதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ள போனாலே கண் பார்வை போகும், தோல் வழியாவும் உள்ள இறங்கும், அதனால வாயால ட்யூப உறிஞ்சி எடுக்குற வேலையே கூடாது, கையுறை போட்டுக்கணும். எரியும்போது நெருப்பு வெயில்ல கண்ணுக்கே தெரியாது. எம்ஆர்டி ரயில்ல கொண்டு போகவும் முடியாது, தீப்பிடிக்கிற பொருளுக்கு அபராதம் 5,000 வெள்ளின்னு ஸ்டேஷன்லயே போட்டிருக்கு. பிளாட்டுல எவ்வளவு வெக்கலாம்னு குடிமைத் தற்காப்புப் படையோட (எஸ்சிடிஎஃப்) விதியப் பாத்துட்டு, அதுக்கும் குறைவாவே வெச்சுக்கோங்க, வீட்டுக்குள்ள இருக்கிற பாம் ஷெல்டர் அறையில வெச்சுப் பூட்டாதீங்க.

பெட்ரோல் இஞ்சின்காரங்களுக்கு சுருக்கமா, அங்க 2டி ஆயில்தான், காஸ்டர் வேணாம், விகிதம் இஞ்சின் மேனுவல்ல போட்டிருக்கும், சிலிக்கான் ட்யூப் பெட்ரோல்ல ஊறிப் போயிடும், டைகான் வகை ட்யூப் போடுங்க. மாடல் டீசல் வெச்சிருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும், ஈதர், மண்ணெண்ணெய், காஸ்டர் மூணும் ஏறக்குறைய சம பங்கு, ஈதர் ஆவி ரொம்ப ஆபத்து, அத நான் தனியா ஒரு நாள் பேசுறேன்.

பின்னாடி இருந்து ஐயா ஒருத்தர் சீட்டுல எழுதி அனுப்பியிருக்காரு, "நீடில எவ்வளவு திறக்கணும்?" ஐயா, டூ ஸ்ட்ரோக்குன்னா ஃபுல் த்ராட்டில்ல வெச்சு ட்யூப ஒரு நொடி கிள்ளி விடுங்க. சத்தம் கொஞ்சம் ஏறி திரும்ப இறங்குனா சரியா இருக்கு, ஏறாமலே இறங்குனா ஏற்கனவே லீன், உடனே ரெண்டு மூணு கிளிக் திறங்க. மேல போனப்புறம் பின்னாடி மெல்லிசா வெள்ளைப் புகைக் கோடு தெரியணும், தெரியலன்னா பறக்க விடுறத நிறுத்திட்டு கீழ இறக்கிடுங்க.