குவாக்கமோலே மேல் வெட்டுக்கிளியா? ஒருமுறை சாப்பிட்டால் விடமாட்டீர்கள்!

[காட்சி: கல் உரலில் பச்சை மசியல், மேலே செந்நிறத் துணுக்குகள் விழுகின்றன]

இது வறுத்த வெங்காயம் அல்ல, வெட்டுக்கிளி! முகம் சுளிக்காதீர்கள், வீடியோவை மூடிவிடாதீர்கள். மெக்சிகோவின் தெற்கிலுள்ள வஹாக்கா மாநிலத்தில் குவாக்கமோலே என்னும் அவகாடோ மசியலை இப்படித்தான் ரசித்துச் சாப்பிடுகிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியர் வருவதற்கு முன்பே மெக்சிகோவின் பூர்வகுடிகளான அஸ்டெக் மக்கள் அவகாடோவை மசித்துச் சாப்பிட்டார்கள். போதும், சமையலுக்கு வருவோம்.

[காட்சி: மூன்று கால் உரல்]

இது மொல்கஹேத்தே. எரிமலைக் கல்லில் செதுக்கியது. கொத்திய அம்மியைப் போலச் சொரசொரப்பானது. எல்லாவற்றையும் மிக்சியில் கொட்டி ஒரே சுற்றாகச் சுற்றுகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம்! மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும். அவகாடோவில் கொழுப்பு ஏராளம். பழத்தின் நடுவே சிதறிக் கிடக்கும் மிளகாய்த் துண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் உறைக்கும். மிளகாய் முதலில் விழுதாக வேண்டும், பழம் கடைசியில்தான்.

வஹாக்காவின் மிஹே மலைப்பகுதியில் புகையில் உலர்த்தும் பசீயா மிளகாய் ஒன்றைச் சூடான தோசைக்கல்லில் சில நொடிகள் புரட்டுங்கள். மணம் கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும், கருகினால் கசக்கும். வெந்நீரில் ஊறியதும் ஒரு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், கல்லுப்போடு சேர்த்து அரையுங்கள். உப்பின் கூரான முனைகள் மிளகாய்த் தோலைக் கிழித்துவிடும். பிறகு வெங்காயம், கொத்தமல்லி, இரண்டு அவகாடோ, எலுமிச்சைச் சாறு. கட்டிகள் தெரியும்படி மசித்தால் போதும்.

[காட்சி: சந்தையில் கூடை கூடையாக வெட்டுக்கிளி]

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்! இவற்றின் பெயர் சப்புலீனேஸ். மழைக்காலத்தில் சோள வயல்களிலும் குதிரை மசால் என்னும் தீவனப் பயிர் வயல்களிலும் பிடிக்கிறார்கள். அதுவும் விடிவதற்கு முன்னால். குளிரில் விறைத்துக் கிடப்பதால் அப்போது துள்ளி ஓடாது! குடல் சுத்தமாகும்வரை இரை போடாமல் வைத்திருந்து, வேகவைத்து, பூண்டு, எலுமிச்சை, உப்போடு மண் சட்டியில் மொறுமொறுவென்று வறுக்கிறார்கள். வெந்ததும் சிவந்துவிடும். வஹாக்கா நகரின் பெனித்தோ ஹுவாரெஸ் சந்தையில் பொடியானது தனி, பெரியது தனி என்று குவித்து விற்கிறார்கள். பொடியானதுதான் குவாக்கமோலேக்கு ஏற்றது என்பேன். கால்கள் பல்லில் சிக்காது. வெண்ணெய் போன்ற மசியலில் புளிப்பும் உப்புமாக அது நொறுங்கும்போது, மூன்றாவது பச்சை மிளகாயைத் தேடிக் கை தானாகப் போகும்.

ஓர் எச்சரிக்கை: இறால், நண்டு ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், வெட்டுக்கிளியும் ஒவ்வாமல் போகலாம். அவர்கள் வறுத்த பூசணி விதையைத் தூவிக்கொள்ளலாம்.

மிஞ்சினால் பிளாஸ்டிக் தாளை மசியலின் மேலேயே படியும்படி ஒட்டி மூடுங்கள். நடுவில் கொட்டையை வைத்தால் கறுக்காது என்பதை நம்பாதீர்கள். கொட்டை மறைக்கிற இடம் மட்டுமே பச்சையாக இருக்கும். அம்மியில் அரைத்துப் பார்த்தவர்கள் எத்தனை மிளகாய் வைத்தீர்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்!