நீதிபதி இல்லாத கோர்ட்டு: 'காசோ செர்ராடோ'

[காட்சி: கூச்சல் போடும் இருவர். மேசையில் சுத்தியல் விழுகிறது.]

"ஏ திச்சோ. காசோ செர்ராடோ!" ஸ்பானிஷ்ல "நான் சொல்லியாச்சு, வழக்கு முடிஞ்சுது"ன்னு அர்த்தம். லத்தீன் அமெரிக்காவுல இந்தக் குரலைக் கேட்டதுமே பேர் சொல்லிடுவாங்க: 'காசோ செர்ராடோ'ங்கற டிவி கோர்ட்டு நிகழ்ச்சியில தீர்ப்பு சொன்ன டாக்டர் போலோ.

ஆனா ஒண்ணு, அவங்க நீதிபதி இல்லை.

[காட்சி: ஹவானா, மயாமி நகரப் படங்கள்]

டாக்டர் போலோவோட முழுப் பேர் அனா மரியா போலோ. 1959-ல கியூபாவுல பிறந்து, போர்ட்டோ ரிக்கோவுல வளர்ந்தவங்க. மயாமியில குடும்ப வழக்குகள் பார்த்த வக்கீல். 2001-ல டெலிமுண்டோங்கற அமெரிக்க ஸ்பானிஷ் சேனல்ல 'சாலா தே பரேஹாஸ்'னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க. முழுக்க முழுக்க ஜோடிச் சண்டைதான். அப்புறம் வாடகை, கடன், சொத்துன்னு எல்லாத் தகராறும் உள்ளே வந்துச்சு. 2005-ல பேரும் 'காசோ செர்ராடோ'ன்னு மாறுச்சு.

[காட்சி: ஒப்பந்தத்தில் கையெழுத்து]

நீதிபதியா இல்லாதவங்க எப்படித் தீர்ப்பு சொன்னாங்க? சூட்சுமம் இந்தக் காகிதத்துலதான் இருக்கு. "இவங்க சொல்றதை ஏத்துக்கறோம்"னு ரெண்டு தரப்பும் முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டா, அது ஆர்பிட்ரேஷன். அமெரிக்கச் சட்டத்துல அதுக்கு மதிப்பு உண்டு. பணம், பொருள் தகராறுக்கு அது போதும். ஆனா ஒருத்தரை ஜெயில்ல போட முடியாது. விவாகரத்து ஆணையும் நிஜ கோர்ட்டுதான் தரணும். சுத்தியல் எவ்வளவு ஓங்கி விழுந்தாலும் எல்லை அவ்வளவுதான்.

சரி, நிகழ்ச்சிக்கு வந்தவங்க நிஜமான ஆளுங்களா?

எல்லாரும் இல்லை. அடையாளத்தை மறைக்கணும்னு சில வழக்குகளை நடிகர்களை வெச்சு எடுத்ததா நிகழ்ச்சியே அறிவிச்சுது. சில எபிசோடுகளைப் பார்த்தா அறிவிப்பே தேவைப்படாது. அப்பட்டமான நாடகம்! அழுகை, அடிதடி, திடீர்னு உள்ளே நுழையற மூணாவது ஆள்...

அதுக்காக மொத்தத்தையும் பொய்னு தள்ள எனக்கு மனசு வரலை. பார்த்தவங்கள்ல நிறைய பேர் அமெரிக்காவுல குடியேறின குடும்பங்கள். இங்கிலீஷ்ல நடக்கிற கோர்ட்டும், அதோட செலவும் அவங்களுக்குப் பயம். வீட்டுல அடி வாங்கினா யார்கிட்ட போகணும், குழந்தையைப் பார்க்க அப்பாவுக்கு என்ன உரிமைன்னு அவங்க பேசற ஸ்பானிஷ்ல ஒரு வக்கீல் உட்கார்ந்து சொன்னாங்க. கதை ஜோடிச்சதா இருந்தாலும், கேட்டவங்க வீட்டுல அதே பிரச்சனை நிஜமா இருந்திருக்கும்.

[காட்சி: நிகழ்ச்சியின் தலைப்பு இசை]

இந்த டைட்டில் பாட்டைப் பாடினது யாருன்னு நினைக்கிறீங்க? அதுவும் டாக்டர் போலோதான்.