ஓடிபி மாட்யூல் இருக்கு, ஆனா ஓடிபி கேட்கவே மாட்டேங்குது! | ஜாவா ஜாஸ் லாகின்

ஜாவா லாகின்ல ஓடிபி மாட்யூல் சேர்த்தாச்சு. கம்பைல் ஆகுது, எர்ரரும் இல்ல. ஆனா பாஸ்வேர்டு அடிச்சதும் நேரா உள்ள விட்டுடுது! கோடுல தப்பில்லைங்க, கான்ஃபிக் ஃபைல்ல ஒரே ஒரு வார்த்தை.

பின்னணியை வேகமா முடிச்சுடலாம். ஜாஸ்ங்கிறது லாகின் சரிபார்க்க ஜாவா தர்ற வசதி. ஜாவா 1.4-லேர்ந்து ஜேடிகே, அதாவது ஜாவா டெவலப்மென்ட் கிட் கூடவே வருது. உங்க கோடு லாகின்கான்டெக்ஸ்ட்ங்கிற கிளாஸை மட்டும் கூப்பிடும். எந்தெந்த மாட்யூல் சரிபார்க்கணும், ஒவ்வொண்ணும் எவ்வளவு கட்டாயம்னு கான்ஃபிக் சொல்லும். அந்தக் கட்டாயத்தைச் சொல்ற வார்த்தைதான் ஃப்ளாக். அவ்வளவுதான்.

[திரையில்: எல்டாப் மாட்யூல் (கம்பெனியோட யூசர் டைரக்டரியில பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறது) – சஃபிஷியன்ட். அதுக்குக் கீழே ஓடிபி மாட்யூல் – ரெக்வயர்டு.]

சஃபிஷியன்ட் மாட்யூல் பாஸ் ஆயிட்டா ஜாஸ் அங்கேயே நின்னுடும். கீழ இருக்கிற ரெக்வயர்டை திரும்பிக்கூட பார்க்காது. ஒரு நிமிஷம் வீடியோவை நிறுத்திட்டு உங்க கான்ஃபிக் ஃபைலைப் பாருங்க. சஃபிஷியன்ட் எத்தனாவது வரியில இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க. பாஸ்வேர்டை மட்டும் போட்டுடாதீங்க.

சரி, எல்டாப்பையும் ரெக்வயர்டு ஆக்கலாமா? ஓடிபி கேட்கும்தான். ஆனா பாஸ்வேர்டு தப்பா இருந்தாலும் அடுத்த மாட்யூலுக்குப் போய், எஸ்எம்எஸ் அனுப்பி, ஓடிபி வாங்கிட்டு, கடைசியில கதவைச் சாத்தும். எது தப்புன்னு திருடனுக்குத் தெரியாது, அது லாபம். எஸ்எம்எஸ் பில்லு நம்ம தலையில! என் ஓட்டு ரெக்விசிட்டுக்குத்தான்: தப்புன்னா அங்கேயே முடிஞ்சுது.

எல்டாப் இல்லேன்னா டேட்டாபேஸ், அப்புறம் ஓடிபி, இந்த வரிசையில வேணுமா? ரெக்வயர்டு, ரெக்விசிட், சஃபிஷியன்ட், ஆப்ஷனல்னு நாலு ஃப்ளாகையும் எப்படி மாத்திப் போட்டாலும் வராது. லினக்ஸோட லாகின் சரிபார்ப்பு வசதியான பேம்ல ஒரு மாட்யூலைத் தாண்டிக் குதிக்க வழி இருக்கு, ஜாஸ்ல இல்ல. எல்டாப், டேட்டாபேஸ் ரெண்டையும் பார்க்கிற ஒரே மாட்யூலா எழுதி, ரெக்விசிட் போடுங்க.

இதைவிட மோசமான பொறி ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்டு தப்புன்னா, சிலர் மாட்யூலோட லாகின் மெத்தட்லேர்ந்து ஃபால்ஸ் அனுப்புறாங்க. ஃபால்ஸ்னா ஜாஸுக்கு ‘தோல்வி’ இல்ல, ‘என்னைக் கணக்குல எடுக்காதே’. அந்த மாட்யூல் ரெக்வயர்டா இருந்தாலும் சரி, அடுத்தது பாஸ் ஆனா ஆள் உள்ள! ஃபெயில்டுலாகின்எக்ஸெப்ஷனைத்தான் வீசணும்.

பிரின்சிபலை, அதாவது உள்ள வந்த ஆளோட அடையாளத்தை, லாகின் மெத்தட்ல சேர்க்காதீங்க; மொத்த லாகினும் ஜெயிச்சப்புறம் ஓடுற கமிட்ல சேர்த்துடுங்க. லாகின் தோத்தா ஓடுற அபார்ட்ல பாஸ்வேர்டு கேரக்டர் அரேயை அழிச்சிடுங்க.

ஜாவா 24-க்குப் போறவங்க கவனிங்க: லாகின் ஆன ஆள் யாருன்னு கேட்கிற பழைய கெட்சப்ஜெக்ட் மெத்தட் இப்ப எக்ஸெப்ஷன் வீசும். ஜாவா 18-ல வந்த கால்ஆஸ், கரன்ட்ங்கிற ரெண்டு மெத்தடுக்கும் மாறிடுங்க.