அனனியா: ஒரே பெயர், பல மனிதர்கள்

அன்பான பெரியவர்களே, நண்பர்களே,

அனனியா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் சப்பீராளின் கணவர்தான். காணியை விற்று, பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு, முழுவதும் இதுதான் என்பதுபோல அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைத்தவர். அவர் ஒருவரால் அந்தப் பெயரே கெட்டுப்போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேதத்தில் அந்தப் பெயர் கொண்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எபிரெயத்தில் ஹனன்யா. கர்த்தர் கிருபை செய்தார் என்று பொருள். இதன் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றினால் யோஹனான். அதுதான் கிரேக்கம் வழியாக நம்மிடம் யோவான் என்று வந்தது. சாமுவேலின் தாய் அன்னாளின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். நம் வீடுகளில் யோவானும் அன்னாளும் நிறைய உண்டு; அனனியாவைத்தான் காணோம்.

யூதாவில் இது ரொம்ப சாதாரணமான பெயர். நெகேவ் பாலைநிலத்தில் ஆராத் கோட்டையை 1960-களில் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. ஏறக்குறைய கி.மு. 600-ஐச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றில், பெயெர்செபாவுக்குக் கழுதைச் சுமை கொண்டுபோகச் சொல்லி ஹனன்யாகு என்ற ஒருவர் உத்தரவிட்ட செய்தி இருக்கிறது. அந்த அகழாய்வை நடத்தியவரின் பெயர் யோஹனான் அஹரோனி. பார்த்தீர்களா, அதே பெயர் திருப்பிப் போட்டபடி!

சரி, வேதத்துக்கு வருவோம். எரேமியா 28-ம் அதிகாரம். சீதேக்கியா அரசாண்ட நான்காம் வருஷம், ஐந்தாம் மாதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் ஆலயப் பணிமுட்டுகளையும் எகொனியா ராஜாவையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். எருசலேமில் இருந்தவர்களுக்கு ஒரே கேள்வி: இது எப்போது முடியும்? தீர்க்கதரிசி எரேமியா கழுத்தில் நுகத்தை மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்று சொல்லிவந்தார். அப்போது ஆசாரியர்கள், ஜனங்கள் எல்லார் முன்பாகவும் கிபியோன் ஊர் அனனியா எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்றார். எரேமியாவின் கழுத்திலிருந்து நுகத்தைப் பிடுங்கி உடைத்தார்.

இந்த மனிதரை வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எபிரெய மூலம் அவரைக் கடைசிவரை தீர்க்கதரிசி என்றே சொல்கிறது. கள்ளத் தீர்க்கதரிசி என்று சேர்த்தது கிரேக்க மொழிபெயர்ப்பு. அவர் பேசியதும் கர்த்தருடைய நாமத்தில்தான். சொன்னது அவருடைய பெயரின் பொருளேதான்: கர்த்தர் இரங்குவார். எரேமியாவும் முதலில் என்ன சொன்னார்? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அது நடக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. நுகம் உடைந்தபோது பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். அப்புறம்தான் வார்த்தை வந்தது: மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும்.

அந்த அனனியாவின் தவறு கிருபையைப் பற்றிப் பேசியதல்ல. மனந்திரும்புதல் இல்லாமல், காத்திருத்தல் இல்லாமல், தேதி குறித்துக் கொடுத்ததுதான். கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். இரண்டு வருஷம் என்று சொன்னவர் அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனார். எருசலேம் தப்பவில்லை.

அந்த நேரத்தில் பாபிலோனில் இன்னொரு அனனியா இருந்ததாகத் தானியேல் புத்தகம் சொல்கிறது. நமக்கு அவர் சாத்ராக். அரண்மனை அதிகாரி அவருடைய பெயரை மாற்றினார். கர்த்தருடைய பெயர் அடங்கிய பெயர் அங்கே உதவாது. ராஜாவின் சிலையைப் பணியாததால் அவரும் இரண்டு நண்பர்களும் அக்கினிச் சூளையில் போடப்பட்ட சம்பவம் முழுக்க சாத்ராக் என்றுதான் இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கும் இளைஞர் மூவரின் பாடலைப் படித்துப் பாருங்கள். நெருப்புக்குள் நின்று அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது எபிரெயப் பெயர்களால்தான். விடுதலைக்குத் தேதி குறிக்காத அனனியா இவர். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையைப் பணியமாட்டோம் என்று ராஜாவிடமே சொன்னவர்.

எருசலேமின் அலங்கத்தைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் காலத்திலும் சிலர் உண்டு; இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் தைலக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த அலங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். இன்னொருவர் அரமனைத் தலைவர், உண்மையுள்ளவர் என்று பெயர் வாங்கியவர்.

இனி அப்போஸ்தலர் நடபடிகள். 23-ம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் அனனியா, பவுலின் வாயில் அடிக்கச் சொல்கிறார். வெள்ளையடிக்கப்பட்ட சுவரே என்று பவுல் கொதித்துப்போனார். கி.பி. 66-இல் ரோமருக்கு எதிரான கலகம் மூண்டபோது, நீர்க்காலில் ஒளிந்திருந்த இந்த ஆசாரியரைக் கலகக்காரர்களே பிடித்துக் கொன்றதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார்.

வாயில் அடிபடுவதற்கு முந்தின நாள், கோட்டைப் படிக்கட்டில் நின்று அந்தப் பட்டணத்து ஜனங்களிடம் பவுல் இன்னொரு அனனியாவைப் பற்றித்தான் பேசியிருந்தார். தமஸ்குவைச் சேர்ந்தவர். பவுலுக்கு அப்போது சவுல் என்று பெயர். நேர்த்தெருவில் யூதாவின் வீட்டில் சவுல் இருக்கிறான், போ என்று கர்த்தர் சொன்னபோது, அனனியா உடனே கிளம்பவில்லை. ஆண்டவரே, இந்த மனிதன் எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களுக்கு எவ்வளவோ தீங்கு செய்தவன், இங்கேயும் பிடித்துக் கட்டிக்கொண்டுபோக அதிகாரத்தோடு வந்திருக்கிறான் என்றார். நியாயமான பயம். பிடித்துக்கொண்டு போக வேண்டியவர்களில் அவரும் ஒருவர். கிருபை என்பது மேடையில் சொல்ல எளிது. தன்னைக் கட்டி இழுக்க வந்தவனுக்கே அதைக் கொண்டுபோய்க் கொடு என்றால் கால் தயங்கத்தான் செய்யும். ஆனாலும் போனார், கண் தெரியாமல் இருந்தவன்மேல் கை வைத்தார். இந்தப் பெயருக்கு முழு உரிமையுள்ளவர் யார் என்று என்னைக் கேட்டால், இவரைத்தான் சொல்வேன்.

படிக்கட்டில் நின்று இதைச் சொன்ன பவுல், அனனியா தயங்கியதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் வந்து பக்கத்தில் நின்று, சகோதரனாகிய சவுலே என்று கூப்பிட்டதைத்தான் சொன்னார்.